அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பாலுக்கு ஹெட் கோச் தேடும்போது முதலில் பார்க்க வேண்டியது என்ன?

#1 சனிக்கிழமை ரசிகன்

2025 அக்டோபர் 12இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் ஹெட் கோச் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளினை நீக்கியது. இரண்டே வாரத்தில், 26ஆம் தேதி, எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட்) பிரையன் கெல்லியை நீக்கியது. இருவரும் நிறைய ஜெயித்தவர்கள். கெல்லி நோட்ர டாமை இரண்டு முறை தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபுக்குக் கொண்டுபோனவர். அப்படிப்பட்டவரை எடுத்தும் நான்கு சீசனுக்குள் 5 கோடி டாலருக்கு மேல் பைஅவுட் (ஒப்பந்தம் முடியும் முன் நீக்கினால் கொடுக்க வேண்டிய தொகை) சுமையோடு பிரிய வேண்டி வந்தது.

ஒரு இடம் காலியானதும் எல்லாத் தளங்களிலும் அதே ஐந்தாறு பெயர்கள்தான் சுற்றுகின்றன. பெயர்ப் பட்டியலுக்குள் போகாமல் தேர்வு முறையைப் பற்றி மட்டும் இந்த இழையில் பேசலாமா? பிக் டென்னிலோ எஸ்இசியிலோ (இரண்டும் பெரிய கான்ஃபரன்ஸ்கள், அதாவது அணிக் கூட்டமைப்புகள்) நடுவரிசையில் இருக்கும் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தை மனதில் வையுங்கள். அத்லெட்டிக் டைரக்டர் (விளையாட்டுத் துறைத் தலைவர்) எங்கிருந்து தொடங்க வேண்டும்? ஏற்கெனவே ஹெட் கோச்சாக இருந்தவர்தான் வேண்டுமா, பெரிய அணியின் கோஆர்டினேட்டர் (ஆஃபென்ஸ் எனும் தாக்கும் பிரிவையோ டிஃபென்ஸ் எனும் தடுக்கும் பிரிவையோ நடத்தும் உதவிக் கோச்) போதுமா? வெற்றி தோல்விக் கணக்கைத் தாண்டி எந்த எண்களைப் பார்ப்பது?

#2 முப்பதாம் யார்டு

ஆளைத் தேடும் முன்னால் வேலையை எழுதி வைக்க வேண்டும், நண்பரே. ஒரே பக்கம் போதும். 300 மைல் சுற்றளவில் ஆண்டுக்கு எத்தனை ஹைஸ்கூல் பையன்கள் இந்த மட்டத்தில் ஆடத் தகுந்தவர்களாக வருகிறார்கள்? வீரர்களுக்குப் பங்கிட எவ்வளவு பணம் உண்மையாகவே இருக்கிறது? இப்போதைய ரோஸ்டரில் (வீரர் பட்டியலில்) யார் ஆடத் தகுதியுள்ள எத்தனை ஆண்டு மிச்சம் வைத்திருக்கிறார்கள்? நான்காவது ஆண்டில் எத்தனை வெற்றி வந்தால் இந்தப் பல்கலைக்கழகம் திருப்தி அடையும்? இதற்கெல்லாம் பதில் இல்லாமல் பேட்டி எடுத்தால், நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குத்தான் வேலை போகும்.

இண்டியானா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. சுற்றிலும் ஆள்வளம் அதிகம் இல்லை. பல தலைமுறையாகத் தோற்றுப் பழகிய இடம். அங்கே தேவைப்பட்டது, தன்னைவிடப் பெரிய அணிகளை இருக்கிற ஆட்களை வைத்து அடிக்கத் தெரிந்தவர். 62 வயது கர்ட் சிக்னெட்டியை 2023 நவம்பர் 30 அன்று எடுத்தார்கள். ஹெட் கோச்சாக அவருடைய வெற்றி-தோல்விக் கணக்கு: இரண்டாம் டிவிஷனில் ஐயூபி என்ற அணியில் 53-17, ஈலானில் 14-9, ஜேம்ஸ் மேடிசனில் 52-9. மூன்று இடம், பதின்மூன்று ஆண்டு, ஒரு சீசன்கூடத் தோல்விக் கணக்கில் முடியவில்லை. அதற்கு முன் 2007 முதல் 2010 வரை அலபாமாவில் ஹெட் கோச் நிக் சேபனிடம் ரெசீவர்களுக்கும் (பாஸ் பிடிப்பவர்கள்) ரெக்ரூட்டிங்குக்கும் (ஹைஸ்கூல் வீரர்களைச் சேர்ப்பது) பொறுப்பாக இருந்தார். ஆக, அந்தக் கட்டுக்கோப்பும் தெரியும், சின்ன பட்ஜெட்டும் தெரியும். ஜேம்ஸ் மேடிசனிலிருந்து 13 வீரர்கள் கூடவே வந்தார்கள். 2024இல் 11-2, பிளேஆஃப்.

"பெரிய கான்ஃபரன்ஸில் ஹெட் கோச் அனுபவம் இல்லை, வயசாயிடுச்சு" என்று அவரை ஒதுக்க எந்த டைரக்டருக்கும் காரணம் இருந்தது. வேலையை முதலில் எழுதியவருக்குத்தான் அவர் பொருத்தம் கண்ணில் படும்.

#3 லைன் பக்கம்

முப்பதாம் யார்டு சொன்ன ரோஸ்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிக்கிறேன். கோச் மாற்றத்தில் அதிகம் அடிபடுவது ஆஃபென்சிவ் லைன்தான், அதாவது குவார்ட்டர்பேக்கை (பாஸ் எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) காத்து, ஓடுபவருக்கு வழி திறக்கும் முன்வரிசை.

ஜார்ஜியா டெக்கில் 2008 முதல் 2018 வரை ஹெட் கோச் பால் ஜான்சன் டிரிபிள் ஆப்ஷன் (பந்தை ஏந்தி ஓடுவதையே நம்பும் முறை) ஆடினார். அந்த ஆட்டத்துக்கு எடுத்த லைன்மேன் தாழ்ந்து, எடையை முன்கையில் போட்டு, பந்து நகர்ந்ததும் முன்னால் பாயப் பழகியவன். பாஸ் அதிகம் எறியும் ஆட்டத்துக்கு நேர் எதிரானவன் வேண்டும்: நீளமான கை, பின்வாங்கி நிற்கும் கால்வேலை, எதிராளியை மூன்று விநாடி நிறுத்தி வைக்கும் உடம்பு. 2019இல் ஜெஃப் காலின்ஸ் வந்து ஒரே குளிர்காலத்தில் முறையை மாற்றினார். அந்த ஆண்டு 3-9. அதிலும் தி சிட்டடெல் என்ற சின்ன அணியிடம், டிரிபிள் ஆப்ஷனே ஆடும் அணியிடம், ஓவர்டைமில் 27-24 என்று தோற்றார்கள். 2022 செப்டம்பரில் 10-28 கணக்கோடு காலின்ஸ் போனார்.

மிச்சிகனிலும் இதே கதை. 2008இல் ரிச் ரோட்ரிகஸ் வந்தார். ஸ்ப்ரெட் ஆப்ஷனில் (வீரர்களை அகலப் பரப்பி, குவார்ட்டர்பேக்கையும் ஓடவிடும் முறை) அவர் மேதை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கையில் இருந்தது நின்ற இடத்தில் பாஸ் எறியும் ஆட்டத்துக்கான ஆட்கள். 3-9, 5-7, 7-6. மூன்றே சீசன்.

ஒரு ரோஸ்டரில் 15, 16 லைன்மேன்கள் இருப்பார்கள். ஆட்டத்தில் இறக்கத் தகுந்தவர்கள் எட்டுப் பேராவது வேண்டும். ஹைஸ்கூலிலிருந்து வருபவன் உடம்பு தேற இரண்டு, மூன்று ஆண்டு. டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் பட்டியல்) இருக்கிறதே என்று சொல்வார்கள். இருக்கிறது, ஆனால் அங்கே நல்ல டேக்கிள் (லைனின் ஓரத்தில் நிற்பவன்) கிடைப்பதுதான் அரிது. வெளியே வருகிறவனைப் பத்து அணி துரத்தும், விலையும் ஏறும். பேட்டியில் கேட்க வேண்டிய கேள்வி இது: "எங்கள் லைனில் இப்போது இருப்பவர்களில் யார் உங்கள் முறைக்கு உதவுவார்கள், பெயரோடு சொல்லுங்கள்." வீடியோ பார்த்துவிட்டு வந்தவர் பெயர் சொல்வார்.

#4 விசில் சத்தம்

ஹெட் கோச் அனுபவம் கட்டாயமா என்ற கேள்விக்கு வருகிறேன். கர்பி ஸ்மார்ட் 2015 டிசம்பரில் ஜார்ஜியாவுக்கு வந்தபோது அதுவரை எங்கும் ஹெட் கோச் இல்லை. முதல் ஆண்டு 8-5. பிறகு 2021, 2022 இரண்டிலும் தேசியப் பட்டம். டாபோ ஸ்வினி கோஆர்டினேட்டராகக்கூட இருந்ததில்லை. 2008 அக்டோபரில் ரெசீவர் கோச்சாக இருந்தவரைக் கிளெம்சன் இடைக்காலப் பொறுப்பில் உட்கார வைத்தது. 2016, 2018 பட்டங்கள் அவர் கையில். ஓரிகனில் டான் லானிங்கும் கோஆர்டினேட்டராக இருந்து நேரே வந்தவர்தான். முன் அனுபவம் என்று கோடு போட்டால் இவர்கள் மூவரும் பட்டியலிலேயே வரமாட்டார்கள்.

#5 முப்பதாம் யார்டு

விசில், மூன்றுமே வசதியான வீடுகள். ஸ்மார்ட் வந்தபோது ஜார்ஜியாவில் ஆள்வளமும் பணமும் தயாராக இருந்தன. புதியவர் தவறு செய்தாலும் ரோஸ்டர் தாங்கிக்கொள்ளும். அஸ்திவாரமே இல்லாத இடத்தில் முதல் முறை ஹெட் கோச்சை வைத்தால், அவர் தன் வேலையையும் கற்க வேண்டும், இடத்தையும் கட்ட வேண்டும். என் கணக்கில் நிரம்பிய வீட்டுக்குக் கோஆர்டினேட்டர் சரி. காலி வீட்டுக்குக் கட்டிப் பழகியவர் வேண்டும்.

#6 விசில் சத்தம்

பில் ஸ்னைடர்? 1989இல் கான்சாஸ் ஸ்டேட்டைவிடக் காலியான வீடு நாட்டிலேயே இல்லை. 27 ஆட்டமாக ஒரு வெற்றி கிடையாது. அவர் அயோவாவின் ஆஃபென்ஸ் கோஆர்டினேட்டராக இருந்து வந்தவர்.

#7 முப்பதாம் யார்டு

ஏற்கிறேன். ஸ்னைடர் என் விதியை உடைக்கிறார். ஆனால் அவருக்கு அந்த இடம் ஆண்டுக்கணக்கில் பொறுமை காட்டியது, முதல் சீசனில் ஒரே ஒரு வெற்றி. இன்றைக்கு அந்தப் பொறுமை எந்த டிரஸ்டிகளிடம் இருக்கிறது என்பதும் வேலைக் குறிப்பில் எழுத வேண்டிய வரிதான்.

#8 எண் பார்ப்பவர்

சனிக்கிழமை ரசிகன் எண்களைப் பற்றிக் கேட்டார். நெப்ராஸ்கா ஹெட் கோச்சாக எடுத்த ஸ்காட் ஃப்ராஸ்டை வைத்தே பேசலாம், ஏனென்றால் காகிதத்தில் அவரைவிடப் பொருத்தமான நியமனம் கிடையாது. 1997இல் நெப்ராஸ்காவுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த குவார்ட்டர்பேக், அந்த மண்ணிலேயே பிறந்தவர். 2015இல் 0-12 ஆக இருந்த யூசிஎஃப் (சென்ட்ரல் ஃப்ளோரிடா) அணியை 2016இல் 6-7, 2017இல் 13-0 ஆக்கியவர். நெப்ராஸ்காவில் 16-31. ஒரே ஸ்கோர் வித்தியாசத்தில் (எட்டுப் புள்ளிக்குள்) முடிந்த ஆட்டங்களில் மட்டும் 5-22.

முதல் பாடம், இரண்டு சீசன் போதாது. யூசிஎஃப் 13-0 மறுக்க முடியாத சாதனை. ஆனால் ஒரே ரோஸ்டர், ஒரே குவார்ட்டர்பேக், வேகமான வீரர்கள் மலிந்த ஃப்ளோரிடா. அதே ஆள் இன்னொரு ஊரில், இன்னொரு தலைமுறை வீரர்களோடு ஜெயித்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. சிக்னெட்டிக்கு மூன்று ஊர்ச் சான்று இருந்தது, ஃப்ராஸ்டுக்கு ஒன்று.

இரண்டாவது, நெருக்கமான தோல்விகளைத் துரதிர்ஷ்டம் என்று தள்ளிவிடக் கூடாது, அதே சமயம் முழுக்கக் கோச்சின் தலையிலும் கட்டக் கூடாது. பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபம்பிளான (கை நழுவிய) பந்து யார் கைக்குப் போகிறது என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம், அடுத்த ஆண்டு அது மாறும். ஆனால் பன்ட், கிக்ஆஃப், ஃபீல்ட் கோல் என்று பந்தை உதைக்கும் பிரிவில் ஆண்டுதோறும் ஓட்டை விழுகிறது என்றால் அது பயிற்சி நேரத்தை எப்படிப் பங்கிடுகிறார் என்பதன் விளைவு. நேரக் கணக்கு, டைம்அவுட்டை வீணாக்குவது, ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்குவது) முன்னான பெனால்டி, இவையும் அப்படியே. 2022 ஆகஸ்ட் 27, டப்ளினில் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 28-17 முன்னிலையில் மூன்றாம் குவார்ட்டரில் ஆன்சைட் கிக் (பந்தைத் தானே திரும்பப் பிடிக்கும் நோக்கில் அடிக்கும் குறுகிய உதை) அடிக்கச் சொன்னார் ஃப்ராஸ்ட். பந்து எதிரணிக்குப் போனது. ஆட்டம் 31-28 என்று கைவிட்டுப் போனது. அது அதிர்ஷ்டக் கணக்கில் வராது, முடிவெடுக்கும் கணக்கில் வரும்.

எனவே வேட்பாளரின் கடைசி மூன்று சீசனில் எட்டுப் புள்ளிக்குள் முடிந்த எல்லா ஆட்டங்களின் நான்காம் குவார்ட்டரையும் யாராவது உட்கார்ந்து பார்த்து, முடிவுகளை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். இரண்டு ஆள், ஒரு வார வேலை. பல கோடி டாலர் செலவழிக்கும் முன் இதைச் செய்யாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

#9 தென்கிழக்கு

மண்ணின் மைந்தர் என்ற பேச்சு வந்ததால் ஒன்று. ஸ்மார்ட் ஜார்ஜியாவில் ஆடியவர், பிரென்ட் கீ ஜார்ஜியா டெக்கில் ஆடியவர், இருவரும் அங்கே நன்றாகவே செய்கிறார்கள். ஃப்ராஸ்டுக்கு அது உதவவில்லை. பழைய மாணவர் என்பதைவிட அந்தப் பகுதி ஹைஸ்கூல் கோச்களிடம் பழக்கம் இருக்கிறதா என்பதுதான் வேலைக்கு ஆகும்.

இதற்கு மறுபக்கம் ஆபர்ன். 2020 டிசம்பரில் பாய்சி ஸ்டேட்டிலிருந்து பிரையன் ஹார்சினைக் கொண்டுவந்தார்கள். அங்கே, ஐடஹோ மாநிலத்தில், நன்றாக ஜெயித்தவர். ஆனால் ஒரு பக்கம் அலபாமா, இன்னொரு பக்கம் ஜார்ஜியா, இரண்டுக்கும் நடுவில் பையன்களைப் பிடிக்க வேண்டிய வேலை அது. அதற்கான பல வருஷப் பழக்கம் அவரிடமும் இல்லை, உதவியாளர்களிடமும் போதவில்லை. 9-12, 2022 அக்டோபர் 31 அன்று நீக்கம், சுமார் 1.5 கோடி டாலர் பைஅவுட்.

#10 விசில் சத்தம்

உதவியாளர்கள் என்றதும் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். ஸ்வினி 2010இல் 6-7. அதோடு முடிந்திருக்க வேண்டியவர். 2011இல் சாட் மோரிஸை ஆஃபென்ஸுக்குக் கொண்டுவந்தார். அந்த சீசன் ஆரஞ்ச் பவுலில் (பவுல் என்பது சீசன் முடிவில் நல்ல அணிகளுக்கு நடக்கும் ஆட்டம்) வெஸ்ட் வர்ஜீனியாவிடம் 70-33 என்று வாங்கியதும், 2012க்கு பிரென்ட் வெனபிள்ஸை டிஃபென்ஸுக்கு எடுத்தார். கிளெம்சன் எழுந்தது அங்கிருந்துதான். எல்எஸ்யூவில் எட் ஓர்ஜரான் 2019இல் 15-0. பாஸ் ஆட்டத்தை வடிவமைத்த ஜோ பிரேடி உடனே என்எஃப்எல் (தொழில்முறை லீக்) போனார், டிஃபென்ஸ் கோஆர்டினேட்டர் டேவ் அராண்டா பேய்லருக்கு ஹெட் கோச்சாகப் போனார். அடுத்த ஆண்டு 5-5. 2021 அக்டோபரில் ஓர்ஜரான் விலகுவதாக அறிவிப்பு.

ஆகவே பேட்டியில் ஆஃபென்ஸ், டிஃபென்ஸ் இரண்டுக்கும் தலா மூன்று பெயர் கேளுங்கள். "முதல் பெயர் வரவில்லை என்றால்?" என்று கேட்கும்போதுதான் அவருடைய வட்டம் எவ்வளவு பெரியது என்று தெரியும். அந்தப் பெயர்களுக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட் கோச்சுக்கு 80 லட்சம் டாலர் கொடுத்துவிட்டு உதவியாளர் நிதியைக் கிள்ளினால் தப்பு அவருடையது கிடையாது.

இன்னொருவர் ஸ்ட்ரெங்த் கோச் (உடற்பயிற்சிக்குப் பொறுப்பானவர்). பயிற்சிக்குச் சீசனில் வாரம் 20 மணி நேரம், சீசன் இல்லாதபோது 8 மணி நேரம் என்று என்சிஏஏ (காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் அமைப்பு) வரம்பு இருக்கிறது. ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை வீரர்கள் அதிகம் பார்க்கும் முகம் இவர்தான். ஹெட் கோச் சொல்லும் ஒழுக்கம் வெயிட் ரூமில் நடக்கிறதா என்பது இவர் கையில்.

#11 பத்திரம் படிப்பவர்

ஒப்பந்தத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வழுக்குவது இங்கேதான்.

ஜிம்போ ஃபிஷரை டெக்சஸ் ஏ அண்ட் எம் 2017 டிசம்பரில் 10 ஆண்டு, 7.5 கோடி டாலருக்கு எடுத்தது, முழுத் தொகைக்கும் உத்தரவாதத்தோடு. 2020இல் 9-1. உடனே 2021இல் 2031 வரை நீட்டித்தார்கள். 2023 நவம்பர் 12இல் நீக்கியபோது சுமார் 7.6 கோடி பாக்கி. இன்னொரு வேலைக்குப் போனால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளும் ஷரத்து அதில் கிடையாது. ஃப்ராங்க்ளினுக்கும் சுமார் 4.9 கோடி பாக்கி இருந்தது. ஆனால் அவர் அடுத்த மாதமே வர்ஜீனியா டெக் போனதும் அது 90 லட்சத்துக்குத் தீர்ந்தது. புதிய சம்பளத்தைக் கழிக்கும் உரிமை கையில் இருந்தால் பேரம் பேச இடம் கிடைக்கிறது.

நான் வரைவு எழுதினால் இப்படி எழுதுவேன். காலம் 5 அல்லது 6 ஆண்டு, ஏனென்றால் ரெக்ரூட் செய்யும் பையனிடம் "நான்கு வருஷமும் இருப்பேன்" என்று கோச் சொல்ல முடிய வேண்டும். நீக்கினால் மீதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கூடாது, ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். மொத்தமாகக் கொடுக்காமல் மாதத் தவணை. வேறு வேலை தேடும் கடமையும் புதிய சம்பளத்தைக் கழிப்பதும் கட்டாயம். அவராகக் கிளம்பினால் கட்ட வேண்டிய தொகை முதல் இரண்டு ஆண்டு கனமாக இருக்கட்டும். பைஅவுட் குறையும் தேதியைச் சீசன் நடுவில் வைக்கவே கூடாது. ஃப்ராஸ்டுக்கு 2022 அக்டோபர் 1இல் 1.5 கோடி என்பது 75 லட்சமாகக் குறைய இருந்தது. செப்டம்பர் 10 அன்று ஜார்ஜியா சதர்னிடம் 45-42 என்று தோற்றதும் மறுநாளே நீக்கினார்கள். மூன்று வாரம் பொறுக்க முடியாததற்கு 75 லட்சம்.

நல்ல சீசன் ஒன்று முடிந்ததும் ஏஜென்ட் போன் செய்வார். அப்போது ஆண்டைக் கூட்டாதீர்கள், போனஸைக் கூட்டுங்கள். 2020இல் 2-4 ஆன ஜிம் ஹார்பாவுக்கு மிச்சிகன் அடிப்படைச் சம்பளத்தைக் கிட்டத்தட்டப் பாதியாக்கி, வெற்றிக்கு ஊக்கத்தொகை வைத்தது. அடுத்த ஆண்டு 12-2, 2023இல் 15-0.

#12 சனிக்கிழமை ரசிகன்

பத்திரம் ஐயா, ஐந்து ஆண்டு என்றால் ஏஜென்ட் ஒப்புக்கொள்வாரா? பக்கத்துப் பல்கலைக்கழகம் எட்டு ஆண்டு தரத் தயாராக இருக்குமே?

#13 பத்திரம் படிப்பவர்

தரும். அப்போது ஆண்டைக் கொடுங்கள், உத்தரவாதச் சதவீதத்தைப் பிடித்து வையுங்கள். எட்டு ஆண்டு, பாதி உத்தரவாதம் என்பது ஐந்து ஆண்டு முழு உத்தரவாதத்தைவிடப் பாதுகாப்பு. வீரர் குடும்பத்துக்குத் தெரிவது ஆண்டு மட்டும்தான். எதற்கும் இறங்காத ஒருவர் என்றால், உங்கள் பட்டியலில் இரண்டாவது பெயர் உண்மையான பெயராக இருக்க வேண்டும். இரண்டாவது ஆள் இல்லாத டைரக்டரிடம்தான் ஏஜென்ட் எல்லாவற்றையும் வாங்குகிறார்.

#14 காலண்டர்

நேரத்தைப் பற்றி. டிசம்பர் முதல் புதன் ஹைஸ்கூல் வீரர்கள் கையெழுத்திடும் நாள், 2025இல் அது டிசம்பர் 3. போர்ட்டல் 2026 ஜனவரி 2 முதல் 16 வரை ஒரே தடவை. கோச் மாறிய அணியின் வீரர்களுக்குத் தனியாக 15 நாள், அது புதியவரை அறிவித்த ஐந்தாம் நாள் தொடங்கும். முன்பு 30 நாள் இருந்தது, பழைய கோச் போன நிமிடமே கதவு திறந்துவிடும். இப்போது அந்த ஐந்து நாள் புதியவருக்குக் கிடைத்த பெரிய வரம். அதற்குள் அவர் சொந்த ரோஸ்டரிடம் பேசி முடிக்க வேண்டும்: முதலில் குவார்ட்டர்பேக், அடுத்து இரண்டு டேக்கிள், அடுத்து எதிரணியின் குவார்ட்டர்பேக்கை விரட்டும் ஆட்கள், பிறகு கையெழுத்திட்ட பையன்களின் பெற்றோர். பழைய உதவியாளர்களில் ஒருவரையாவது வைத்துக்கொள்வது நல்லது. யார் எவரோடு நெருக்கம், எந்த வீட்டில் அம்மா முடிவெடுக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

பணமும் இதோடு சேர்ந்தது. 2025 ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு வருமானத்தில் பங்கு தரலாம், முதல் ஆண்டு உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து சுமார் 2.05 கோடி. ஃபுட்பால் ரோஸ்டரில் 105 பேர். வேட்பாளரிடம் 105 கட்டம் போட்ட ஒரு தாளைக் கொடுத்து, "உங்களுக்குக் கிடைக்கும் தொகையை இதில் நிரப்புங்கள்" என்று சொல்லுங்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு போடுகிறார், எத்தனை பேருக்கு ஒன்றுமே இல்லை, ஹைஸ்கூல் எத்தனை போர்ட்டல் எத்தனை. அரை மணி நேரத்தில் அவருடைய ஃபுட்பால் முழுக்க அந்தத் தாளில் வந்துவிடும்.

#15 தென்கிழக்கு

பின்னணிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். 2001 டிசம்பரில் நோட்ர டாம் எடுத்த ஜார்ஜ் ஓ'லீரி ஐந்தே நாளில் விலகினார். வாங்காத முதுகலைப் பட்டமும் ஆடாத காலேஜ் ஃபுட்பாலும் அவர் விவரக்குறிப்பில் இருந்தன. இரண்டு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

டென்னசியில் 2017 நவம்பர் 26, ஒரு ஞாயிறு. கிரெக் ஷியானோவோடு உடன்பாடு என்று செய்தி கசிந்தது. ரசிகர்களும் அரசியல்வாதிகளும் கிளம்பினார்கள், மாலைக்குள் உடன்பாடு முறிந்தது. அந்த வாரமே டைரக்டர் ஜான் கரியும் விலக்கப்பட்டார். குழுவை மூன்று நான்கு பேரோடு நிறுத்துவது சரிதான், ஆனால் கையெழுத்துக்கு முந்தைய நாள் இரவாவது தலைவர், டிரஸ்டிகள், மூத்த வீரர்கள் சிலர் காதில் பெயர் விழுந்திருக்க வேண்டும். எங்கிருந்து எதிர்ப்பு வரும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

விசாரிக்க வேண்டியவர்கள் வேட்பாளர் தரும் பெயர்கள் மட்டும் இல்லை. பழைய இடத்தின் டிரெய்னர், படிப்பு ஆலோசகர், உபகரண அறைக்காரர், இவர்களைக் கேளுங்கள். தோற்ற மறுநாள் அவர் எப்படி இருப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

#16 சனிக்கிழமை ரசிகன்

எல்லாருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. எடுத்தாயிற்று, முதல் ஆண்டு சுமார்தான். ஆள் சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வது? சேபனே அலபாமாவில் 2007இல் 7-6, லூசியானா மன்ரோவிடம் சொந்த மைதானத்தில் 21-14 என்று தோற்றார்.

#17 எண் பார்ப்பவர்

அந்தத் தோல்விக்கு மூன்று மாதம் கழித்து, 2008 பிப்ரவரியில் அவர் கையெழுத்து வாங்கிய பட்டியலைப் பாருங்கள். ஜூலியோ ஜோன்ஸ், மார்க் இங்க்ரம், டான்டா ஹைடவர், மார்செல் டேரியஸ். 2008இல் 12-2, 2009இல் பட்டம். 7-6இல் தெரியாதது அந்தப் பட்டியலில் தெரிந்தது.

#18 லைன் பக்கம்

நான் நவம்பர் ஆட்டங்களைப் பார்ப்பேன். பட்டத்துக்கு வாய்ப்பு இல்லை, பவுலும் சந்தேகம், குளிர். நான்காம் குவார்ட்டரில் மூன்றாவது டவுன் (நான்கு முயற்சியில் மூன்றாவது), இன்னும் இரண்டு யார்ட் வேண்டும். அந்த ஸ்னாப்பில் லைன் முன்னால் நகர்கிறதா, இரண்டாம் வரிசைப் பையன்கள் எழுந்து நின்று பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பிறகு ஜனவரியில் போர்ட்டல் மூடிய பின் ரோஸ்டரை எடுத்து, இரண்டு ஆண்டு மிச்சம் உள்ள லைன்மேன்களில் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ஐந்து பேருக்கு மேல் தங்கியிருந்தால் அவருக்கு இன்னும் இரண்டு சீசன் கொடுப்பேன்.